எள்ளளவு நத்தையும் என் கையெழுத்தும்

ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. சென்ற மாதம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் இடத்துக்கு அவர்கள் ஆள் எடுக்கவில்லை. என் அறையைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்து, இரண்டுக்கும் பொறுப்பாக ஓர் இளம்பெண்ணை விட்டிருக்கிறார்கள். எழுதியது அவள்தான். ஊழியர் செய்திமடலில் போடுவதற்கு என்னுடைய வேலைக்காலம் பற்றி "இனிமையான நினைவுகள்" ஒரு பக்கம் வேண்டுமாம். கேட்டபடியே இனிமையாக ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு மேசையில் நடந்த பகிடிகள், ஒருமுறை மின்சாரம் நின்றபோது எல்லோரும் படிக்கட்டில் இருந்து பாட்டுப் பாடியது, இப்படி. சிரித்த முகப் பொம்மை ஒன்றுடன் நன்றி வந்தது. அந்தப் பக்கத்தில் நான் விட்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அங்கே யாராலும் இதை வாசிக்க முடியாது என்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

என் பெயர் பிலோமினா. மன்னாரில் விலங்கியல் படிப்பித்தவள். யுத்தம் துரத்தித் தம்பி அன்ரனோடு ரொறன்ரோ வந்து, பார்க்டேலில் ஓர் அறையில் இருந்துகொண்டு பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதி கட்டினேன். என் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று மூன்று அலுவலகங்களில் மிக மரியாதையாகச் சொன்னார்கள். ஆங்கிலம் கதைத்துப் பழகலாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னதால் சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்குத் தொண்டு வேலைக்குப் போனேன். என்னை விட்ட இடம் கட்டடத்தின் அடித்தளத்தில் நத்தைப் பிரிவு. அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. ஆற்றுச் சேற்றைத் தட்டில் பரப்பி, நத்தைகளைப் பொறுக்கி, அளவுவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். மற்றத் தொண்டர்கள் ஒரு மாதத்தில் களைத்துப் போய்விட்டார்கள். நான் நின்றேன். இரண்டு வருடம் கழித்துத் தொழில்நுட்ப உதவியாளர் என்று வேலை தந்தார்கள். வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. அதை நிரந்தரமாக்க அவர்களுக்குப் பதினொரு வருடம் எடுத்தது.

மியூசியத்தில் வேலை என்றால் எங்கள் சனம் "ரிக்கற் குடுக்கிறதோ, கிளீனிங்கோ?" என்று கேட்கும். அன்ரன் மட்டும், "அக்காவுக்கு ஊரி பொறுக்கிற வேலை" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். எங்கள் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிற சின்னச் சங்குகளுக்கு ஊரி என்று பெயர். அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

நான் பார்த்தவை கடல் ஊரி அல்ல. ஊற்றுகளிலும் ஓடைகளிலும் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நன்னீர் நத்தைகள். வளர்ந்து முடிந்ததே ஒரு எள்ளளவுதான் இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான். அதே மண்நிறம், அதே நான்கு சுற்று, அதே மெல்லிய மூடி. ஓட்டின் வடிவத்தை வைத்து இனம் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்பார் என் மேலதிகாரி. ஆண் நத்தையின் உறுப்பைப் பார்த்தால்தான் தெரியும். அது கழுத்துக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். எத்தனை கிளை, எங்கே சுரப்பி, நுனி கூரா மொட்டையா என்பதில்தான் ஓர் இனத்துக்கும் மற்ற இனத்துக்கும் வித்தியாசம்.

அதைப் பார்ப்பதற்கு முதலில் நத்தையை ஏமாற்ற வேண்டும். உயிரோடு சாராயத்தில் போட்டால் உள்ளே சுருங்கி மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ளும். பிறகு ஒன்றும் பார்க்க முடியாது. ஆகவே அது வாழ்ந்த ஊற்றின் தண்ணீரிலேயே விட்டு, மேலே புதினாவிலிருந்து எடுக்கும் மென்தோல் தூளைத் தூவி வைப்போம். சளித் தடிமனுக்குப் பூசுகிற தைலத்தின் வாசனை அறை முழுக்க நிற்கும். மெல்ல மெல்ல மயங்கி, கழுத்தை முழுதாக நீட்டியபடியே அது உணர்விழக்கும். ஊசியால் தொட்டுப் பார்த்து, சுருங்கவில்லை என்றால்தான் அடுத்த மருந்து. பிறகு ஓட்டை மென்மையான அமிலத்தில் கரைத்து, மிச்சமாகக் கிடக்கும் உடம்பை மைக்ரஸ்கோப்பின் கீழே, மரக்குச்சியில் செருகிய பூச்சி ஊசிகளால் விரிப்பேன். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சை எடுக்குமுன் வெட்ட வேண்டும். பிறகு வரைய வேண்டும்.

வரைந்தவற்றை பஸ்ஸில் வைத்துச் சரிபார்ப்பது என் பழக்கம். ஒருநாள் பக்கத்தில் இருந்த கோயில் அன்ரி ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை கீறி வச்சிருக்கிறாய், இஞ்சியோ?" என்று கேட்டார். "ஓம் அன்ரி, இஞ்சிதான்" என்றேன். இந்தப் பகிடியைச் செய்திமடலுக்கும் எழுதியிருக்கலாம்.

என் மேலதிகாரி டொக்டர் லாங்மோர். மெலிந்த, உயரமான மனிதர். கோடையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி மட்டும் அழைத்ததில்லை. மிஸிஸ் பிலோமினா என்றுதான். நான் மணமாகாதவள் என்று இரண்டு முறை திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். சத்தம் போட்டதில்லை. பிழை என்றும் சொன்னதில்லை. கொடுத்த படத்தை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தருவார். அதில் எங்கோ ஒரு மூலையில், பென்சிலால், எறும்பளவில் ஒரு கேள்விக்குறி இருக்கும். ஏன் என்று அவர் சொல்ல மாட்டார். நான் திரும்பவும் நத்தையை எடுத்து, திரும்பவும் வெட்டி, அவர் எதைக் கேட்டார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கேட்டது சரியாக இருக்கும். அந்தக் கேள்விக்குறிகளால் நான் இந்த வேலையைக் கற்றேன். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே கேள்விக்குறிகள்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தன.

அவருடைய பயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இளம் வயதில் அவர் ஒரு நத்தையைப் புதிய இனம் என்று பெயரிட்டுப் பிரசுரித்திருக்கிறார். சில வருடங்களில் வேறொருவர், அது ஏற்கெனவே பெயருள்ள நத்தையின் வளர்ச்சி குன்றிய வடிவம்தான் என்று ஒரே ஒரு வரியில் எழுதி, அந்தப் பெயரைத் தள்ளிவிட்டார். எங்கள் துறையில் அந்த வரி அழியாது. அந்த இனத்தைப் பற்றி யார் எழுதினாலும் கீழே சிறிய எழுத்தில் அவர் பெயரும் அவருடைய பிழையும் திரும்பத் திரும்ப வரும். அதன்பின் அவர் ஒரு புதிய இனத்துக்கும் பெயரிடவில்லை. புதியது போல ஏதாவது வந்தால், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பார். அப்படிப் பார்ப்பதற்கென்று வைத்த போத்தல்கள் ஒரு அலமாரி நிறைய நின்றன.

இனி விட்பிக்கு வருகிறேன்.

அன்ரன் அப்போது கலியாணம் செய்து, இரண்டு பிள்ளைகளோடு அஜின்கோர்ட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன ரவுன்ஹவுஸ் ஒன்றில் இருந்தான். தனி வீடு வேண்டும் என்பது அவனுக்கும் மனைவி ஜெசிந்தாவுக்கும் கனவு. ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பி என்ற ஊரில் சப்டிவிஷன் என்று புதிய வீட்டுத்தொகுதி ஒன்று வருகிறது, இரண்டாம் கட்டத்தில் ஓடைப் பக்கமாகக் காணி கிடைத்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். புல்வெளியில் செம்மஞ்சள் நாடா கட்டிய முளைகள் மட்டும் நின்றன. இது வரவேற்பறை, இது குசினி என்று ஜெசிந்தா நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் சரிவின் பக்கம் போனேன். அங்கே மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து, ஒரு கையகல வாய்க்காலாக ஓடைக்குள் இறங்கியது. ஆவணி வெயிலிலும் விரல் வலிக்கிற குளிர். ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் எள் தூவியது போல் இருந்தது.

"அக்கா, இஞ்சயும் ஊரியோ?" என்று அன்ரன் சிரித்தான்.

பிள்ளையின் ஜூஸ் போத்தலைக் கழுவி, முப்பது நத்தைகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் முதலாவது ஆணை விரித்தபோது என் கை நின்றுவிட்டது. அந்த ஓட்டு வடிவத்துக்கு உறுப்பு இரண்டு கிளையாக இருக்க வேண்டும். இதில் மூன்று இருந்தது. மூன்றாவதின் அடியில் ஒரு சுரப்பி. ஊனமாக இருக்கலாம் என்று இன்னொன்றை வெட்டினேன். அதிலும் மூன்று. அன்றைக்கு வெட்டிய ஒன்பது ஆணிலும் மூன்று. லாங்மோரைக் கூப்பிட்டேன். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மத்தியானம் முழுக்க என் மைக்ரஸ்கோப்பில் இருந்தார். எழும்பும்போது முகம் சிவந்திருந்தது.

"வாழ்த்துகள், மிஸிஸ் பிலோமினா" என்றார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார்.

மூன்று வருடம் பார்த்தோம். நான் பனி உருகும்போதும், கோடையிலும், இலை கொட்டும்போதும் பஸ்ஸும் ரயிலும் பிடித்து விட்பிக்குப் போய், முள்வேலியின் ஓட்டையால் நுழைந்து, குசினி அரிதட்டால் நத்தை அரித்தேன். சுற்றியிருந்த ஊற்றுகள் எல்லாவற்றிலும் தேடினேன். வேறெங்கும் இல்லை. பெண்களையும் குஞ்சுகளையும் வரைந்தேன். நூற்றுக்கு மேல் ஓடுகளை அளந்தேன். விவரணையை முழுதாக எழுதி, பெயர் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு அவர் மேசையில் வைத்தேன். ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தேன். இன்னொரு கேள்விக்குறி. மூன்றாம் வருடம் வந்த கேள்விக்குறி, முதலாம் வருடம் நான் பதில் சொல்லி முடித்த அதே இடத்தில் இருந்தது. அப்போதுதான் இந்த மனிதர் இதை ஒருநாளும் வெளியே விடப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டி வந்தது. சப்டிவிஷனின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைப்பதற்கு முன் அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்காக நில நிறுவனம் வைத்த ஆட்கள் ஓடையிலும் ஊற்றிலும் எடுத்ததைப் போத்தல்களில் அடைத்து, இனம் சொல்லித் தரும்படி எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்படிப் பெட்டிகள் எங்களுக்கு வழமையாக வரும். நான் பார்த்து, படிவத்தில் பெயர்களை எழுதி, கீழே கையெழுத்து வைத்து அனுப்புவேன். போத்தல்கள் எங்களோடேயே நிற்கும். ஆறாவது போத்தலில் என் நத்தைகள் இருந்தன. பதினான்கு.

லாங்மோரிடம் போனேன். "சேர், இதற்கு என்ன எழுதுவது?"

"அதற்குத்தான் இன்னும் பெயர் இல்லையே."

"பெயரிடப்படாத புதிய இனம் என்று எழுதலாம்தானே?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பிரசுரமாகாதது எங்கள் அபிப்பிராயம் மட்டும்தான். அபிப்பிராயத்தை நாங்கள் அருங்காட்சியகத்தின் தலைப்புத்தாளில் அனுப்புவதில்லை. நாளைக்கு அது புதியது இல்லை என்று ஆகிவிட்டால்?"

"எழுதினால் அவர்கள் அந்த ஊற்றை இன்னொரு முறை பார்க்க வேண்டி வரும். எழுதாவிட்டால் பார்க்க மாட்டார்கள்."

அவர் பென்சிலை மேசையில் உருட்டினார். பிறகு, "ஓட்டின்படி பார்த்தால் அது சாதாரண நத்தையாகத்தான் தெரியும்" என்றார். ஓட்டை வைத்து இனம் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்! "அடையாளம் கண்டது நீங்கள். கையெழுத்தும் உங்களுடையது. நீங்கள் நம்புவதை எழுதுங்கள். நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் பென்சிலை எடுத்தார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. பொறுப்பை அவ்வளவு நாகரிகமாக என் மடியில் வைத்தார். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் எனக்குக் கதவைச் சாத்தவில்லை. நம்புவதை எழுது என்றுதான் சொன்னார். புதிய இனம் என்று நான் எழுதியிருந்தால் அவர் அந்தத் தாளைக் கிழித்திருக்க மாட்டார்.

படிவத்தை ஒரு வாரம் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். அந்த ஞாயிறு அன்ரன் வீட்டில் சாப்பாடு. வீடு என்றாலும் அது அவனுடைய வீடல்ல. விட்பி வீடு வசந்தத்தில் முடிந்துவிடும் என்று நம்பி ரவுன்ஹவுஸை விற்றுவிட்டார்கள். வீடு முடியவில்லை, அத்திவாரம்கூட வெட்டவில்லை. ஜெசிந்தாவின் பெரியம்மாவுடைய பேஸ்மென்ற்றில் நான்கு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு ஏழு மாதம். மூத்தவன் சுவரோரம் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். சின்னவள் ரேச்சலுக்கு அந்த ஈரக்காற்றில் இருமல் நிற்கவில்லை.

"அனுமதி இழுபடுதாம், அக்கா" என்றான் அன்ரன். "ஓடைப் பக்கம் என்னவோ ஆராய்ச்சியாம். தவளையோ, மீனோ தெரியாது."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அந்தப் போத்தில் எல்லாம் என்ர மேசையிலதான் இருக்குது" என்றேன்.

அவன் சோற்றில் வைத்த கையை எடுத்தான். "உங்களிட்டயோ? அப்ப நீங்கள் எழுதிக் குடுத்தால் விடுவினமோ?"

"உதில ஒரு நத்தை இருக்கு, அன்ரன். நான் உன்னோட காணி பாக்க வந்த அண்டைக்குக் கண்டது. உலகத்தில வேற ஒரு இடத்திலயும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

ஜெசிந்தா அகப்பையோடு நின்றாள். என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். அவள் என்னோடு ஒருநாளும் சண்டை பிடித்தவள் அல்ல. அன்றைக்குப் பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்ரன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒரு ஊரிக்காக எங்கட வீடு நிக்கப்போகுதோ? பிள்ளை பிறக்கப்போகுது. இதுக்குள்ளயோ கொண்டுவந்து வைக்கிறது?" பிறகு, "நான் உங்களிட்ட இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை" என்றான்.

அது உண்மை. பார்க்டேல் அறையில் ஒரு மெத்தைதான் இருந்தது. இரண்டு வருடம் அவன் தரையில் படுத்தான்.

திங்கட்கிழமை காலை ஆறாவது போத்தலுக்கு நேரே சாதாரண நத்தையின் பெயரை எழுதினேன். எண்ணிக்கை பதினான்கு என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்தேன். லாங்மோர் படிவத்தைப் பார்த்தார். வழமையாக அவருடைய பென்சில் ஏதாவது ஒரு மூலையில் நின்றிருக்கும். அன்றைக்கு நிற்கவில்லை. அவரே உறையில் போட்டு ஒட்டினார்.

அனுமதி பனி விழும் மாரிக்குள் வந்துவிட்டது. இன்னொரு விதமாக எழுதியிருந்தாலும் வந்திருக்கும் என்று சில பேர் சொல்லுவார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு பல வருடம் நித்திரை கொண்டேன். அடுத்த வருடம் நான் அரிதட்டோடு போனபோது சரிவு முழுக்கச் சல்லி பரப்பியிருந்தது. கசிவு இருந்த இடத்தில் துளையிட்ட கறுப்புக் குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீரைத் தெருவின் வடிகாலுக்குத் திருப்பியிருந்தார்கள். சல்லியை விரலால் கிளறி, காய்ந்த களிமண்ணில் ஐம்பது அறுபது வெறும் ஓடுகளை எடுத்தேன். வெள்ளையாக வெளிறிப் போயிருந்தன. ஒரு வேலையாள் வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டான். அதன்பின் நான்கு வருடம் அந்தப் பக்கத்து ஊற்று ஒவ்வொன்றிலும் கல் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

அந்த நான்கு வருடம் முடிந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. லாங்மோர் என் விவரணையைக் கேட்டு வாங்கினார். கேள்விக்குறி ஒன்றும் போடவில்லை. இரண்டே மாதத்தில் பிரசுரத்துக்கு அனுப்பினார். நான் நினைத்து நினைத்துப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்த காரணம் இதுதான்: இனி யாரும் அந்த ஊற்றுக்குப் போய், புதிதாக நத்தை பிடித்து, லாங்மோர் பிழை விட்டார் என்று எழுத முடியாது. இருப்பதெல்லாம் எங்கள் போத்தலில் இருப்பவை மட்டும்தான். உயிரோடு இருந்தவரை அவருக்கு அது ஆபத்து. அழிந்த பிறகு பயமில்லை.

அவரை நான் அநியாயமாகப் பேசவில்லை. கட்டுரையில் என் பெயரையும் தன் பெயருக்குச் சமமாகப் போட்டார். உதவியாளருக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் பிழைதிருத்த வந்த பிரதியைப் பார்த்தபோதுதான் பெயர் வைத்த இடத்தைக் கண்டேன். நான் வெறுமையாக விட்ட இடத்தில் இலத்தீன் முறைப்படி பிலோமினே என்று எழுதியிருந்தது. பிலோமினாவினுடையது என்று அர்த்தம்.

ஓடினேன். அச்சுக்குப் போகுமுன் மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "வேண்டாம் சேர். குளிர் என்று வையுங்கள், விட்பி என்று வையுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்."

அவர் நான் அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைத்தாரோ, எல்லாம் தெரிந்துதான் செய்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை முதலில் கண்டது நீங்கள், மிஸிஸ் பிலோமினா. கடைசியாகக் கண்டதும் நீங்கள்" என்றார்.

எங்கள் துறையின் சட்டம், ஒருமுறை பிரசுரமான பெயரை வைத்தவராலும் மாற்ற முடியாது என்பது. கட்டுரையின் கடைசி வரி, அந்த இனம் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று சொல்கிறது. என் பெயருக்கும் அந்த வரிக்கும் இடையில் ஏழு பக்கம் இருக்கிறது. அவ்வளவும் நான் வரைந்த படங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறு எதையும் வரைந்ததில்லை.

லாங்மோர் ஓய்வுபெற்று, மேற்கே மகளிடம் போய், அங்கேயே காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர்களுக்கு வெட்டுவதும் வரைவதும் தெரியாது. இப்போது ஒரு போத்தல் தண்ணீரை அனுப்பினால் அதில் எந்தெந்த உயிரின் மரபணு கலந்திருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடும். நல்ல விஷயம். இயந்திரத்துக்குத் தம்பி இல்லை.

என் கடைசி வேலைநாளில் ஒரே ஒரு காரியம் செய்தேன். அந்தப் பதினான்கு நத்தைகளும் எங்கள் களஞ்சியத்திலேயே, என் கையெழுத்தோடு, சாதாரண நத்தையின் பெயரில் நின்றன. போத்தலுக்குள் இருக்கும் பழைய பெயர்ச்சிட்டையை எடுப்பதற்கு யாருக்கும் அனுமதியில்லை, புதியதைச் சேர்க்கலாம். அழியாத மையால் ஒரு சின்னச் சிட்டை எழுதிப் போத்தலுக்குள் போட்டேன். சரியான பெயர். அதன் கீழே, "முன்னைய பெயர் பிழை என்று தெரிந்தே எழுதப்பட்டது." என் கையெழுத்து. மூடியை இறுக்கி வைத்துவிட்டு, எனக்காக வெட்டிய கேக்கைச் சாப்பிட மேலே போனேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இந்த ஈஸ்டருக்கு அன்ரன் வீட்டுக்குப் போனேன். நல்ல வீடு. மூன்று பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள். ரேச்சலின் இருமல் அந்த வீட்டுக்குப் போன முதல் மாதமே நின்றுவிட்டது. இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை நீட்டினாள்.

"மாமி, யூ ஆர் ஃபேமஸ்! உங்கட பேரில ஒரு ஸ்னெயில் இருக்கு. ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

ஜெசிந்தா எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ரேச்சல் வாசித்துக்கொண்டே போனாள். "பட், இட்ஸ் எக்ஸ்ரிங்ற், அழிஞ்சு போச்சாம். ஓ மை கோட், விட்பியிலயோ? மாமி, விட்பியில எங்க?"

பொய் சொல்வதற்கு எனக்கு அந்த நேரம் ஒன்றும் வரவில்லை. "இஞ்சதான்" என்றேன். "உங்கட பின்வளவு முடியிற இடத்தில."

அவள் கண்ணாடிக் கதவால் வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வீடு கட்டேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அன்ரன், "சாப்பிடு பிள்ளை" என்றான்.

நான் சொன்னேன். அவ்வளவு வருடமும் லாங்மோர், சட்டம், படிவம் என்று நான் எனக்குள் சொல்லி வைத்திருந்த எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. "கொப்பா கேட்டவர். நான் வேற பேர் எழுதிக் குடுத்தன்" என்றேன்.

ரேச்சல் தகப்பனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். மூத்தவனும் கடைசிப் பையனும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

வழமையாக அன்ரன்தான் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவான். அன்றைக்கும் விட்டான். என் அடுக்குமாடி வாசலில் காரை நிறுத்தி, இஞ்சினை நிறுத்தாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:

"நான் ஒருக்காத்தானே கேட்டனான், அக்கா. நீங்கள் ஏலாது எண்டு சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன்."

விட்டிருப்பானோ, மாட்டானோ, எனக்குத் தெரியாது. நான்தான் சொல்லிப் பார்க்கவில்லையே.